கடைசியாகப் பார்த்த முகம்

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்போனை உப்பு ஜாடியின் மேல் சாய்த்து வைத்திருந்தாள் அமலோற்பவம். கை தன் பாட்டுக்கு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தது, கண் மட்டும் வெள்ளைத் திரையின் நடுவில் சுற்றுகிற அந்தச் சக்கரத்தை விடவில்லை. முதல் பக்கங்கள் எல்லாம் விரல் பட்டவுடன் வந்துவிடும். உள்ளே போகப் போகத்தான் இப்படி. கொஞ்ச தூரத்தில் ஒரு மூச்சு விடுகிற நேரம் பிடிக்கும், இன்னும் போனால் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம், இப்போது வந்து நிற்கிற ஆழத்தில் ஒரு கட்டுக் கீரையில் பாதியை உருவிவிடலாம் போல. காட்டலாமா வேண்டாமா என்று அது யோசிக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பாரே, அந்த மாதிரி. உள்ளறையில் மகள் ஜெனோவாவின் குரல் கேட்டது. ஜெனோவாவுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசுவாள், சிரிப்பாள், அதட்டுவாள். அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் பயமில்லை. குரல் நின்று நாற்காலி உருளுகிற சத்தம் கேட்டால் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட வேண்டும். இனிமேல் இதைப் பார்க்க மாட்டேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள், மாதாவின் படத்துக்கு முன்னால் நிற்க வைத்துத்தான் ஜெனோவா அந்த வார்த்தையை வாங்கினாள். நான் முழுக்கப் பாத்துட்டேம்மா, அண்ணன் அதுல இல்ல, சும்மா சும்மா எடுத்து வச்சிப் பாத்து ஒடம்பக் கெடுத்துக்காத. சரி மக்கா, என்றாள் அமலோற்பவம். மாதாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாதாவுக்கும் ஒரு மகன் காணாமல் போனவன்தானே, மூன்று நாள் தேடியவள்தானே, அவளுக்குத் தெரியும் இந்தப் பொய் எந்த ஜாதிப் பொய் என்று.

காப்பகங்களில் பெயர் தெரியாமல், ஊர் தெரியாமல் கிடக்கிறவர்களை எல்லாம் ஒரே இடத்தில் படம் போட்டுக் காட்டுகிற தளம் அது. யாரோ புண்ணியவான்கள் நடத்துகிறார்கள். பக்கத்துக்குப் பத்து முகம். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பதிவு எண், எந்தக் காப்பகம், வலது கையில் பச்சை குத்தியிருக்கிறது, தெலுங்கு பேசுகிறார், எதுவும் பேசுவதில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்கள் மேலே இருப்பார்கள், பழையவர்கள் கீழே, கீழே, கீழே. பக்கத்தின் அடியில் நீலத்தில் 'அடுத்து' என்று இருக்கும். அவள் அதை அழுத்துவதற்கு முன்னால் அந்தப் பத்துப் பேருக்காகவும் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவாள். என் பிள்ளை இல்லை, சரி, ஆனால் இவர்களும் ஒருத்தி பெற்றதுதானே, இவர்களுக்காவது யாராவது வரட்டும் என்று. சொல்லாமல் அடுத்ததை அழுத்த அவளுக்கு மனம் வராது, பந்தியில் பத்துப் பேர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூட வைக்காமல் எழுந்து போகிற மாதிரி இருக்கும். தளத்தின் முகப்பில் 'வீடு திரும்பியவர்கள்' என்று ஒரு எண் இருந்தது. தினமும் கொஞ்சம் கூடியிருக்கும். கண்டுபிடித்துக் கூட்டிப் போனவர்களின் படத்தை எடுத்துவிடுவார்கள், அந்த எண் ஒன்று ஏறும். அது ஏறுகிற நாளெல்லாம் அவளுக்குத் தன் பிரார்த்தனையே ஏறிய மாதிரி ஒரு சின்ன சந்தோஷம், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம். சில நாள் இன்னொரு விசித்திரமும் நடக்கும். ஒரு பக்கத்தின் கடைசியில் பார்த்த அதே முகம், அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடியும் வந்து நிற்கும். ஒரு பல் இல்லாத ஆள் அப்படி வந்தார். இன்னொரு நாள் காதில் பஞ்சு வைத்த ஒரு அக்கா. கடவுளே, இவர்கள் என் பின்னாலேயே வருகிறார்களே, இன்னொரு மந்திரம் கேட்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவாள். அதை ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொண்டாள். இப்போது சக்கரம் சுற்றத் தொடங்குவதற்கு முன்னால் பார்த்த பக்கத்தின் கடைசி ஆள் ஒரு தாத்தா. தலையில் சிவப்புத் துண்டு, புகைப்படக்காரனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருந்தார். ஓட்டுக் கேட்கிறவர் மாதிரி. அவள் சிரித்துவிட்டாள்.

முகத்தை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டேனோ என்பதுதான் இதுவரைக்கும் அவளுடைய பயம். மகன் கிளீட்டஸுக்கு வீட்டில் இருந்தபோது மீசைகூட ஒழுங்காக இருக்காது, இப்போது தாடி வளர்ந்திருக்கும், பல் போயிருக்கும், மாத்திரை இல்லாமல் முகம் என்ன கோலத்துக்குப் போயிருக்குமோ. இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு, சின்னப் பிள்ளையில் கேட்டில் ஏறி விழுந்தது, அந்த இடத்தில் மயிர் முளைக்காது, அதனால் ஒவ்வொரு முகத்திலும் அவள் கண் முதலில் இடது புருவத்துக்குத்தான் போகும். பெண்பிள்ளைகள் முகத்திலும் அங்கேதான் போகும், பழகிவிட்டது. கோவிலில் பூசை வைக்கிற சாமியார் முகத்திலும் புருவத்தைத்தான் பார்க்கிறாள். துறைமுகத்தில் நல்ல வேலையில் இருந்த பிள்ளை. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை, அப்புறம் சுவரைப் பார்த்துச் சிரித்தான், அப்புறம் சாப்பாட்டில் என்ன போட்டாய் என்று அவளையே கேட்டான். சென்னையில் நல்ல டாக்டர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வாம்மா என்றாள் ஜெனோவா. தூத்துக்குடியில் ரயில் ஏறினார்கள். விழுப்புரத்தில் வண்டி நின்றபோது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. எம்மா, தண்ணி பிடிச்சிட்டு வாரேன் என்று நீல பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவனாக வாயைத் திறந்து சொன்ன வார்த்தை அது, அதனால் அவள் போகவிட்டாள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய் நேர் எதிரே இருந்தது. இரண்டு பேர் பிடித்துவிட்டுப் போனார்கள், குழாயடியில் ஆளே இல்லை. அவன் அந்தக் குழாயைத் தாண்டிப் போனான். பாட்டில் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக இல்லை என்று அடுத்த குழாய்க்குப் போகிறானாக்கும் என்று நினைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள். நல்ல குழாயைத் தேடி நடந்துகொண்டே இருக்கிறான். குழாய்க்கு மேல் குழாய், எதிலும் நிற்காமல். வண்டி நகர்ந்தபோது பெட்டியில் இருந்த எல்லோரும் கத்தினார்கள், அவள் மட்டும் சன்னல் கம்பியை விடவில்லை. குக்கர் விசில் அடித்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இர்ஃபான், நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு," என்றாள் உள்ளே ஜெனோவா. "அந்த பார்சல் தொலையவே இல்லப்பா. குடோன்ல, வச்ச ரேக்லயேதான் இருந்திருக்கு." ஒரு கூரியர் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற இடத்தில்தான் ஜெனோவாவுக்கு வேலை. போய்ச் சேராத பார்சல்களை எல்லாம் அவர்கள் திரையில் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்களாம். ஏதோ ஒரு பெரிய பார்சல் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போய், கம்பெனிக்காரன் கத்திக்கொண்டிருக்கிறான் என்று காலையில் இட்லி சாப்பிடும்போதே புலம்பினாள். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து, கூட வேலை பார்க்கிற இர்ஃபானின் குரல் கரகரவென்று வந்தது. "அப்புறம் எப்படி ஜெனோ? மூணு பேர் உக்காந்து பேஜ் பேஜா பாத்திருக்காங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும் முடிச்சிட்டோம்னு சத்தியம் பண்றாங்க." "பொய் சொல்லல. முடிச்சாங்க. ஆனா பாக்கல." அமலோற்பவத்தின் கையில் முருங்கைக் காம்பு அப்படியே நின்றது. மற்ற நாளில் இந்தப் பேச்செல்லாம் மிக்சி சத்தம் மாதிரி அவள் காதோடு போய்விடும். முடிச்சாங்க, ஆனா பாக்கல. என்ன பேச்சு இது. "நல்லா கவனி. ஒரு பேஜுக்குப் பத்து. நீ ரெண்டாவது பேஜ் பாத்துட்டு இருக்கே. அந்த நேரத்துல முதல் பேஜ்ல இருந்த ஒண்ணு டெலிவரி ஆயிடுச்சு. என்ன ஆகும்?" "லிஸ்ட்ட விட்டுப் போயிடும்." "போயிட்டா? அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் ஒரு இடம் மேல ஏறும். மூணாவது பேஜ்ல தலையில இருந்த ஆள் இப்ப ரெண்டாவது பேஜோட அடியில. ரெண்டாவதத்தான் நீ பாத்து முடிச்சிட்டியே. அடுத்துன்னு அழுத்தறே. மூணு வருது. அந்த ஆள் உன் முதுகுக்குப் பின்னால போயிட்டான்." "ஐயோ." "ஐயோதான். அவன் அங்கேயேதான் இருக்கான். நீதான் தாண்டி வந்துட்டே."

தாண்டி வந்துட்டே. அவன் குழாயைத் தாண்டினான், நான் அவனைத் தாண்டினேன். கீரையை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, கை தட்டைத் தேடியது, தட்டு மடியில்தான் இருந்தது. "சரி, புதுசா ஒண்ணு வந்து சேந்தா?" என்றது இர்ஃபானின் குரல். "மேல வந்து உக்காரும், எல்லாம் ஒரு இடம் கீழ இறங்கும், பாத்ததே மறுபடி வரும். அது பரவால்ல, எரிச்சல், அவ்வளவுதான். விட்டுப் போறதுதான் ஆபத்து. அப்புறம் உள்ள போகப் போக ஏன் இழுக்குதுன்னு கேட்டியே? ஐந்நூறாவது பேஜக் குடுன்னா டேட்டாபேஸ் நேரா அங்க போகாது. முதல் ஆள்லேருந்து ஒண்ணு ஒண்ணா எண்ணும். எண்ணி எண்ணித் தூரப் போடும். அத்தனை பேரையும் தொட்டுட்டு, கடைசியில பத்தே பேரத்தான் உன் கண்ணுல காட்டும். சரி, அடுத்த பேஜ்? மறுபடியும் முதல்லேருந்து. பைத்தியக்கார வேலை." அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லுவதில்லை, ஜெனோவாவும் சொல்ல மாட்டாள், வேலையில் இருப்பதால் வாயில் வந்துவிட்டது. பல் இல்லாத அந்த ஆள் மந்திரம் கேட்டு என் பின்னால் வரவில்லை. அன்றைக்கு எங்கோ ஒரு காப்பகத்தில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், அவன் மேலே வந்து உட்கார, எல்லோரும் ஒரு இடம் இறங்கியிருக்கிறார்கள். அடையாளம் என்று நான் கும்பிட்டது அவ்வளவுதான். அதைவிட, இப்போது இந்தச் சக்கரம். இதோ இந்த நிமிஷம் அது என்ன செய்கிறது? எங்கோ ஒரு இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு முதல் முகத்திலிருந்து எண்ணுகிறது. பச்சை குத்தினவரைத் தொடுகிறது, தூரப் போடுகிறது. காதில் பஞ்சு வைத்த அக்காவைத் தொடுகிறது, தூரப் போடுகிறது. அவள் இதுவரைக்கும் பார்த்த நான்காயிரம் பேரையும் கண் தெரியாத ஒரு கை தடவிக்கொண்டே வருகிறது. அந்தக் கை அவன் தாடியையும் தடவித்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும், அவள் அடுத்து என்று அழுத்திய ஒவ்வொரு தடவையும், புருவத்து வெட்டுக்கு மேல் விரல் போயிருக்கும், இது நீ கேட்ட பக்கத்தில் இல்லை என்று தூரப் போட்டிருக்கும். எனக்குக் காட்டவில்லை. நான் கேட்ட கேள்வி சரியில்லை. எத்தனாவது பக்கம் என்று கேட்டேனே தவிர, யாருக்கு அடுத்தவன் என்று கேட்கவில்லை.

"எங்கம்மா ஜெபமாலை சொல்றதப் பாத்திருக்கியா?" என்றாள் ஜெனோவா, குரலில் சிரிப்பு வந்திருந்தது. "பாதியில பால் பொங்கும், எந்திரிச்சுப் போவாங்க. காலிங் பெல் அடிக்கும், தண்ணி கேன்காரன்கிட்ட சண்டை போடுவாங்க. என்னை ரெண்டு திட்டு. ஆனா விரல் மட்டும் பிடிச்ச மணிய விடாது. திரும்ப வந்து உக்காந்து முதல் மணியிலேருந்தா எண்ணுவாங்க? பிடிச்ச மணிக்கு அடுத்த மணி. அவ்வளவுதான் விஷயம். எத்தனாவது பேஜ்னு கேக்காதே. கடைசியா பாத்தது இந்த நம்பர், இதுக்கு அப்புறம் இருக்கிறதுல பத்து குடுன்னு கேளு. நம்பர் வரிசையில இண்டெக்ஸ் போட்டிருக்கு, நேரா அங்கேயே போய் இறங்கிடும். மேல எத்தனை பேர் போனா என்ன, வந்தா என்ன." "பிடிச்ச மணியே கழண்டு விழுந்துட்டா?" "விழட்டுமே. அந்த நம்பருக்கு அடுத்தது எதுன்னு தெரியும்ல?" "உங்கம்மாவ டீம்ல சேத்துக்கலாம் போல." "வேணாம்ப்பா, எல்லாக் கோளாறுக்கும் அந்தோனியாருக்கு நவநாள்னு உக்காந்துடுவாங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. அந்தோனியாருக்கு எத்தனை நவநாள் வைத்தாயிற்று, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். அவரும் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதுதானே. வீடு திரும்பியவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதே. பத்துப் பேருக்கு ஒரு மந்திரம், இவர்களுக்காவது யாராவது வரட்டும் என்று கேட்டேன், வந்தார்கள். யாரோ ஒரு தகப்பன் எங்கிருந்தோ ராத்திரி பஸ் ஏறி வந்து மகளைக் கூட்டிப் போனான். படத்தை எடுத்தார்கள். எல்லோரும் ஒரு இடம் மேலே ஏறினார்கள். ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் போனான். நான் கேட்டேன், கிடைத்தது, கிடைத்த ஒவ்வொரு தடவையும் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லுகிற அந்த நேரத்திலேயே போயிருப்பான். மாதாவே, அப்படியா என் ஜெபத்தைக் கேட்டாய். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, அவள் ஒரு தாய். ஆனால் மனம் அதற்குள் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. யாரும் போகாதீர்கள். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும், கொஞ்ச நாள்தான், யாரும் வீட்டுக்குப் போகாமல் அப்படி அப்படியே இருங்கள், உங்களைத் தேடி ஒருவரும் வராமல் இருக்கட்டும். சொன்னது தன் மனம்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சட்டென்று சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், வார்த்தை வெளியே வந்துவிட்ட மாதிரி. எதிர் அடுக்குமாடியில் யாரோ துணி உதறினார்கள், அது சாட்டை சொடுக்குகிற மாதிரி கேட்டது. அந்தக் காப்பகங்களின் கூடங்களை எல்லாம் அவள் பார்த்ததில்லை, இப்போது பார்த்தாள். வரிசையாகப் பாய், வரிசையாக ஆட்கள், எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் அவள் நின்று கதவைச் சாத்துகிறாள்.

பக்கம் வந்துவிட்டிருந்தது. எப்போது வந்ததோ. பத்துப் புது முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, இடது புருவத்தையும் பார்க்கவில்லை. அடுத்து என்பதற்குப் பக்கத்தில் 'முந்தைய' என்று ஒன்று இருந்தது, இத்தனை நாளில் அதை அவள் தொட்டதே இல்லை. பார்த்த முகத்தைத் திரும்ப எதற்குப் பார்க்க வேண்டும். கீரைச் சாறு பட்ட விரலைத் திரை முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சக்கரம். மறுபடியும் முதல் ஆளிலிருந்து அந்தக் கை எண்ணத் தொடங்கியிருக்கும். சிவப்புத் துண்டுத் தாத்தா கடைசியில் இருந்தார், அவரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர்தான் மணி. அவர் கடைசியிலேயே இருக்கட்டும். இருந்தால் ஒன்றும் இல்லை, இர்ஃபானும் ஜெனோவாவும் பேசியது பார்சலுக்கு மட்டும், மனுஷருக்கு இல்லை. விழுப்புரத்தில் வண்டி நகர்ந்த பிறகும் அவள் இப்படித்தான் சன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு நேரம் கடத்தினாள், அடுத்த பெட்டியில் ஏறியிருப்பான், உள்ளுக்குள்ளேயே நடந்து வருவான், இதோ அந்தக் கதவு திறக்கும் என்று. கதவு திறந்தது, திறந்தது, டீ விற்கிறவன் வந்தான், டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். பக்கம் வந்தது. மேலிருந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் தெரிந்த முகம், தெரிந்த முகம், தெரிந்த முகம், இரண்டு கையும் கூப்பின சிவப்புத் துண்டுத் தாத்தா. அவருக்குக் கீழே இன்னொரு முகம் இருந்தது. கழுத்து வரைக்கும் போர்வை போர்த்திய ஒரு பெண். சின்ன வயது. கண்ணை இறுக்க மூடியிருந்தாள், படம் பிடிக்கிற வெளிச்சத்துக்குப் பயந்த மாதிரி. அமலோற்பவம் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரு தட்டுக் கீரை உருவுகிற நேரத்துக்குள், மேலே எங்கோ ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், இந்தப் பெண் சத்தமில்லாமல் நழுவி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து படுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கத்துக்கே இப்படி என்றால். இதுவரைக்கும் வந்த அத்தனை பக்கத்திலும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில், ஒரு விரல் கனம்கூட இல்லாத அந்த இடுக்கில், எத்தனை பேர். அவன் எதில். நாற்காலி உருண்டது. அவள் போனைக் கவிழ்க்கவில்லை. கவிழ்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது, கை வரவில்லை.

"எம்மா, சோறாச்சா? பசி உயிர் போவுது," என்று சொல்லிக்கொண்டே வந்த ஜெனோவா, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "என்னம்மா இது." அமலோற்பவம் மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்தாள். "மாதா முன்னால சொன்னியேம்மா. சொன்னியா இல்லியா?" "சொன்னேன்." "அப்புறம்? நீ என்ன சின்னப் பிள்ளையா? பிபி மாத்திரை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நாந்தான் மொத்தத்தையும் பாத்தாச்சு, அவன் இல்லன்னு..." "ஏட்டி, அந்த பார்சலு கெடச்சிட்டா?" "எந்த பார்சலு?" "இப்ப சொன்னியே. ஆளு முதுகுக்குப் பின்னால போயிட்டான்னு." "அது கெடச்சாச்சு, வச்ச எடத்துலயேதான் இருந்துச்சு, அதுக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்த ஜெனோவா அந்த இடத்தில் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் திரையில் அந்த நீல எழுத்துக்கும் போர்வைப் பெண்ணுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. "இவ புதுசு," என்றாள் அமலோற்பவம். "இந்தத் தாத்தாதான் கடைசியில இருந்தாரு. அடுத்தத அழுத்துனேன். நீ பேசினதக் கேட்டு திரும்பி வந்து பாத்தேன். இவ இருக்கா." மகளின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள், ஐயோ கேட்டிருக்கக் கூடாது, இந்தப் பிள்ளைக்காவது தெரியாமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தாள். ஜெனோவா தரையில் உட்கார்ந்துவிட்டாள், கீரைக் காம்பின் மேலேயே. "நானும் அடுத்து அடுத்துன்னுதாம்மா..." என்றாள். "லஞ்ச் டைம்ல உக்காந்து உக்காந்து. கடைசிப் பக்கம் வரைக்கும் போனேன். கடைசிப் பக்கம் வந்ததும் அழுதேன், பாத்ரூம்ல போயி. அதுக்கப்புறந்தான் உங்கிட்ட வந்து அவன் இல்லன்னு சொன்னேன். விட்டுருன்னு சொன்னேன்." பத்து வருஷமாக இதே வேலை, இதே கோளாறு, ஊரில் உள்ளவன் பார்சலுக்கெல்லாம் விரலை நீட்டிச் சொல்லுகிறவள். அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பார்சல்னு பாத்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும் மக்கா. அண்ணன்னுல்லா பாத்த."

சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜெனோவா மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். முதல் பக்கம் தொட்டவுடன் வந்தது. "அவங்க தளத்துல நம்ம கைவைக்க முடியாது, எழுதிப் போடுவேன், என்னைக்குச் சரி பண்ணுவாங்களோ. அதுவரைக்கும் நாம கையாலயே செய்வோம். ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ஆளு நம்பர நான் பிடிச்சிக்கிடுதேன். அடுத்த பக்கம் போயிட்டு, ஒரு தடவை பின்னால வந்து, அந்த நம்பருக்குக் கீழ யாராச்சும் வந்திருக்காங்களான்னு பாப்போம். அப்புறந்தான் மேல போறது." "அந்த ஆளே வீட்டுக்குப் போயிட்டா?" "போவட்டும்மா. நம்பர் போவாதுல்லா." பத்து முகம். அமலோற்பவம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இடது புருவம், இடது புருவம். ஒருவன் நேற்றுத்தான் வந்தவன் போல, சட்டையில் பஸ் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. கிளீட்டஸ் இல்லை. ஜெனோவா கடைசி முகத்தின் எண்ணை மெல்லச் சொன்னாள், இன்னொரு தடவை சொன்னாள். அடுத்து என்பதற்கு மேலே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அம்மாவின் வழக்கம் அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, ஒளித்து வைத்ததெல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அமலோற்பவத்தின் உதடு அசையவில்லை. அந்தக் கூடம், அந்தப் பாய்கள், வாசலில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற தான். சொன்னால் இவர்களில் யாராவது போவார்கள். போனால் எல்லாம் ஏறும். ஏறினால். "என்னம்மா, சொல்லலியா?" "யாராச்சும் போயிட்டாங்கன்னா..." ஜெனோவா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளையில் சாலையைத் தாண்டும்போது செய்வாளே, அப்படி அம்மாவின் சுண்டுவிரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "எல்லாரும் போவட்டும்மா. நீ சொல்லு." குக்கரில் ஆவி அடங்கிவிட்டிருந்தது. எங்கேயோ யாருக்கோ பசித்துக்கொண்டிருக்கும், எங்கேயோ ஒரு பாயில் ஒருவன் வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான், அவன் இருக்கட்டும், இருந்தால் போதும், அங்கேயே இருக்கட்டும். அமலோற்பவம் கண்ணை மூடவில்லை. பத்து முகத்தையும் பார்த்தபடியே, இவர்கள் எல்லோரும் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள், அருள் நிறைந்த மந்திரத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், ஆமென் என்றாள்.

"நம்பரப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"அப்ப அழுத்து."